வெள்ளைத்தாய் கொட்டிய ஒரு படி

வெம்பக்கோட்டை அணைக்கு மேற்கே கரிசல் காட்டுப் பாதையில் போகிறவர்கள் அந்த ஆட்டுக்கொட்டத்தைப் பார்த்துச் சிரிக்காமல் போக மாட்டார்கள். கூரை முழுக்கத் தகரப் பலகை. ஒன்றில் ஏதோ ஒரு நாட்டுக் கொடி, இன்னொன்றில் பூமி உருண்டை, அதற்குப் பக்கத்தில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம். அதற்கடியில் ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருக்கும். மேற்கு மூலையில் மட்டும் பலகை இல்லாமல் ஓட்டையாக இருந்தது. மழை பெய்தால் அந்த மூலை ஆடுகள் மற்ற ஆடுகளை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்.

கொட்டம் வெள்ளைத்தாயுடையது. பலகைகள் அவள் காட்டுக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் நட்டுவிட்டுப் போனவை.

வெள்ளைத்தாய் எனக்கு மகள் முறை. என் ஒன்றுவிட்ட அண்ணன் பெற்றது. அவள் தாய் காரியாபட்டிப் பக்கத்து வீடு. அந்த வீட்டுப் பெண்கள் எதைக் கொடுத்தாலும் ஒரு கேள்வி கேட்டுத்தான் கொடுப்பார்கள், வாங்கினாலும் ஒரு கேள்வி கேட்டுத்தான் வாங்குவார்கள். கட்டிக்கொண்டது பெத்தணனை. அவன் எனக்கு அக்காள் மகன் முறை. எதற்கும் தலையாட்டுவான், எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் அதனாலேயே ஒத்துப்போயிற்று. மகன் மணிகண்டராஜ் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் இருக்கிறான். மருமகள் முத்துமாரி எம். புதுப்பட்டியில் வெடிக் கம்பெனிக்குப் போகிறாள்.

வெள்ளைத்தாயின் காடு அணைக்குப் பக்கத்தில் இருந்தாலும் மேட்டுக்காடு. தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், காலுக்கு வராது. வானம் பார்த்த பூமி. குதிரைவாலி, கொஞ்சம் பருத்தி, சில வருசம் மக்காச்சோளம். விளைந்த குதிரைவாலியை விருதுநகர்ப் பஜாரில் லட்சுமிகாந்தம் கடையில் போடுவாள். அவள் அப்பா பருத்தி போட்ட காலத்திலேயே அதே கடைதான். அப்போது கல்லாவில் இருந்தது லட்சுமிகாந்தத்தின் அப்பா.

அந்தக் கடையில் வெள்ளைத்தாய்க்கு ஒரு தீராத வழக்கு உண்டு. பஜாரில் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று தங்கள் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். அதற்கு மகமை என்று பேர். அந்தப் பொதுப் பணத்தில் பள்ளிக்கூடம் நடக்கும், கிணறு வெட்டுவார்கள், அம்மனுக்குப் பொங்கல் சாட்டி நடத்துவார்கள். எதற்குச் செலவழிப்பது என்று கூடிப் பேசும்போது பெரிய கடைக்காரனுக்கும் ஒரு பேச்சு, சின்னக் கடைக்காரனுக்கும் ஒரு பேச்சு. கூடப் போட்டவனுக்குக் கூடப் பேச்சு என்பது கிடையாது.

மூட்டை எடை போட்டு முடிந்ததும் வெள்ளைத்தாய் ஆரம்பிப்பாள்.

"அண்ணாச்சி, இந்த மகமை எங்கிட்டு இருந்து வருது? உங்க லாபத்துல இருந்தா, என் மூட்டையில இருந்தா?"

"ரெண்டும் ஒண்ணுதான தாயி."

"ஒண்ணுன்னா கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடணும்லா. போட்டவுகளுக்குத்தான பேச்சு?"

"பாப்போம் தாயி, பாப்போம். முதல்ல காப்பியைக் குடிங்க."

"காப்பியைக் குடுத்து குடுத்தே என் வாயை அடைக்கீக. உங்க அப்பா காலத்துல எங்கய்யாவுக்கு கலர் சோடாவாவது வாங்கிக் குடுத்தாக."

கடையில் இருப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறுவாள். அடுத்த வருசமும் அதே கேள்வி, அதே காப்பி.

ஆராய்ச்சிக்காரர்கள் அவள் காட்டுக்கு வந்து சில வருசம் ஆகிறது. மானாவாரிப் பயிர்களுக்கென்று பல நாட்டு அரசாங்கங்கள் பணம் போட்டு நடத்துகிற அமைப்பு அது. ஊரில் யாரும் அந்தப் பேரை முழுசாகச் சொன்னதில்லை. ஜீப்பில் வந்து இறங்குகிறதெல்லாம் எங்கள் பக்கம் கம்பெனிதான். 'ஆராய்ச்சிக் கம்பெனி' என்பார்கள். அவர்கள் சார்பில் காட்டுக்கு வந்து போகிறவள் எழில். மதுரைப் பிள்ளை, படித்த பிள்ளை, வெயிலுக்கு அஞ்சாமல் பெண்களோடு குனிந்து நின்று வேலை பார்ப்பாள்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு கஷ்டம் இருந்தது. பணம் கொடுக்கிற நாடு ஒவ்வொன்றும் தன் ஆசையையும் சேர்த்துக் கொடுத்தது. ஒரு நாட்டுக்குச் சோளம் பிடிக்கும், இன்னொரு நாட்டுக்குத் துவரை. ஒரு நாடு கொடுத்து முடிந்ததும் அடுத்த நாட்டுப் பணம் வரும், பழைய பலகையைப் பிடுங்கிப் புதுப் பலகை நடுவார்கள். பாதியில் நின்ற பயிர் பாதியிலேயே போகும். பிடுங்கிய பலகையை யாரும் திரும்பக் கேட்கவில்லை. பெத்தணன் தூக்கிக்கொண்டு வந்து கொட்டத்தில் ஏற்றிவிடுவான்.

இப்படி வந்த ஒரு பணத்தில்தான் குதிரைவாலியில் பல ரகம் விதைத்தார்கள். பயிர் முற்றும்போது எழில் ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு, பிடித்த செடியில் அடையாளம் கட்டச் சொன்னாள். மணிகண்டராஜ் அச்சாபீசில் இருந்து வெடி லேபிள் வெட்டிய துண்டுக் காகிதம் ஒரு பை கொண்டுவந்தான். காட்டில் லட்சுமி வெடியும் சங்குசக்கரமும் படமாகக் காற்றில் ஆடின. எல்லாருடைய கையும் கடைசியில் ஒரு ரகத்துக்கே போயிற்று. கதிர் ஒரேயடியாக முற்றும், ஆட்டுக்குப் போடுகிற தட்டை நீளம், மழைக்குச் சாயாது. எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் வேறு. தீபாவளி முடிந்ததும் வெடிக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். பூசை போட்டுத் திரும்பத் திறக்கிறதற்குள் இது அறுப்புக்கு வந்துவிடும். பெண்கள் கை சும்மா இருக்கிற நாட்களில் அறுப்பு விழும். பழைய குதிரைவாலி முற்றுகிறபோது கம்பெனி திறந்துவிடும், அறுக்க ஆள் கிடைக்காது.

அந்த ரகத்துக்கு எழில் எழுத்தும் எண்ணுமாக ஏதோ பேர் வைத்திருந்தாள். பெண்கள் வைத்த பேர் 'பெத்தணன் தலை'. கதிர் லேசான காற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று ஆடுகிறது என்பதால். பெத்தணனிடம் சொன்னார்கள். அதற்கும் தலையாட்டினான்.

இன்னும் இரண்டு வெள்ளாமை பார்த்துவிட்டால் விதையாக வெளியே கொடுக்கலாம் என்று எழில் சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில்தான் ஆனி மாதம் ஒருநாள் வாடிய முகத்தோடு வந்து வரப்பில் உட்கார்ந்தாள்.

"அம்மா, குதிரைவாலிக்குப் பணம் கொடுத்தவங்க நிறுத்திட்டாங்க."

"நம்ம பயிருல என்ன குத்தம் கண்டாக?"

"பயிர்ல குத்தமில்லம்மா. அவங்க நாட்டுல ஆட்சி மாறிருச்சு. வேற ஒரு நாடு மக்காச்சோளத்துக்குக் குடுக்குது. இந்தக் காட்டுலயே போடணுமாம்."

வெள்ளைத்தாயும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "இதையெல்லாம் முடிவு பண்றது யாரு, ஏத்தா?"

அதற்கு எழிலிடம் ஒரு பதில் இருந்தது. ஆராய்ச்சிக் கம்பெனியின் சட்டத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். பணம் கொடுக்கிறவர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்கிறது சரியில்லை என்று மேலேயே பேச்சு வந்துவிட்டது. இனி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு குழு, அதில் பயிர் போடுகிறவர்களுக்கும் நாற்காலி. இந்த வட்டாரத்துக்கு இரண்டு பேரை ஊர்க்காரர்களே சொல்லலாம். ஒருவர் காரியாபட்டி அய்யாதுரை, கிணற்றுப் பாசனக்காரர். இன்னொரு பேரைப் பெண்கள் சொன்னார்கள். யார் பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் கூட்டம் ஆடியில், விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடந்தது. ஏசி ஓடியது. நீள மேஜை, அதன்மேல் வெள்ளைத்துணி. தலைமை அலுவலகத்தில் இருந்து ஆர்த்தி என்கிற அதிகாரி வந்திருந்தாள். பணம் கொடுக்கிற நாட்டின் ஆளாக ஒரு வெள்ளைக்காரர், நெட்டையாக, சாந்தமாக உட்கார்ந்திருந்தார். விஞ்ஞானிகள், சர்க்கார் ஆட்கள்.

எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. அம்மன் திருவிழாவுக்கு நாள் சாட்டுகிற கூட்டத்தில் பேச வருகிறவன் முதலில் ஒரு படி தானியம் கொண்டுவந்து நடுவில் கொட்டுவான். கொட்டாதவன் நின்று கேட்கலாம், பேசக் கூடாது. வெள்ளைத்தாய் அதை நினைத்துத்தான் போயிருக்கிறாள். உள்ளே போனதும் எல்லாரையும் கும்பிட்டாள், சேலைத் தலைப்பில் கட்டியிருந்த பையை அவிழ்த்தாள், மேஜை நடுவில் ஒரு படி குதிரைவாலியைச் சரசரவென்று கொட்டிவிட்டாள்.

எல்லாரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். தானியம் தண்ணீர் டம்ளர் வரைக்கும் ஓடிற்று. வெள்ளைக்காரர் மட்டும் சிரித்த முகமாக போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா" என்றாள் ஆர்த்தி. "சாம்பிளா எடுத்து வச்சுக்கறோம்."

"சாம்பிளு இல்லம்மா. என் பங்கு."

"பங்குன்னா?"

"பேசணும்னா போடணும்லா? போட்டுட்டேன். வரவு வச்சுக்கோங்க."

ஆர்த்தி பக்கத்தில் இருந்த கணக்கு அதிகாரியைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். அவள் சங்கடத்தோடு சொன்னாள்: "எங்க விதிப்படி நாங்க விவசாயிக்குக் கொடுக்கலாம்மா. விவசாயிகிட்ட இருந்து வாங்க வழி இல்லை."

"அப்ப இது யாரு கணக்குல கிடக்கும்?"

தானியத்தை அள்ளி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மூலையில் வைத்தார்கள். கூட்டம் தொடங்கியது.

வெள்ளைக்காரர் பேசினார், எழில் தமிழில் சொன்னாள். ஐந்து வருசத்துக்கான பணம், பெரிய பணம். மக்காச்சோளத்துக்கு மட்டும். வெள்ளைத்தாயின் காடும் அதில் சேர வேண்டும், ஏனென்றால் அங்கே பழைய அளவுகள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறது. வேண்டாம் என்றால் பணம் வேறு மாநிலத்துக்குப் போகும். முடிவை அடுத்த கூட்டத்தில், விதைப்புக்கு முன்னால், கை தூக்கிச் சொல்ல வேண்டும்.

"இந்தப் பணத்தைப் பொதுவுல போட்டுட்டு, எந்தப் பயிருக்குன்னு எல்லாருமா பேசிக்கிடலாம்லா?" என்று வெள்ளைத்தாய் கேட்டாள்.

வெள்ளைக்காரர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். அவர் ஊரில் ஜனங்கள் கட்டின வரிப்பணம் அது, மக்காச்சோளத்துக்கு என்று அங்கே கையெழுத்துப் போட்டு வந்தது, மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை.

"பாவம், அவருக்கும் மேல ஒரு ஆளு இருக்காரு" என்றாள் வெள்ளைத்தாய்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வருகிற வழியில் அய்யாதுரை தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேலி பண்ணிக்கொண்டு வந்தார். "தாயி, வெள்ளைத்துணியில கொட்டிட்டீகளே. கொட்டுறதுக்கு ஒரு சுளகாவது கொண்டாந்திருக்கலாம்ல? அந்தம்மா டம்ளர்ல பாதி தண்ணி, பாதி குதிரைவாலி."

"அடுத்த தடவை நீங்க தேங்கா உடைங்க அண்ணே, தண்ணி சரியாப் போயிரும்."

வாய்க்குச் சொன்னாளே தவிர, மனசு சரியில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது புருசனிடம் பேச்செடுத்தாள்.

"மக்காச்சோளம் போட்டா தீவனக்காரன் காட்டுக்கே லாரி கொண்டாந்து எடுத்துக்கிடுவான்."

"ஆமா."

"பெத்தணன் தலை அழிஞ்சு போயிரும்."

"ஆமா."

"ரெண்டுக்கும் ஆமாவா?"

"ரெண்டும் நெசந்தான, ஏளா" என்றான் பெத்தணன். "கொட்டத்து மூலைக்கு ஒரு பலகையும் வரும்."

முத்துமாரி வெடிக் கம்பெனியில் இருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "மாமாவுக்குப் பலகைதான் கவலை. அத்தை, போன தீபாவளி லீவுல நாங்க எல்லாம் நம்ம காட்டுலதான அறுத்தோம்? மக்காச்சோளம்னா மெஷின் வந்து அறுத்துட்டுப் போயிரும். எங்களுக்கு அந்த மாசம் என்ன வேலை?"

வெள்ளைத்தாய் தட்டைக் கழுவி வைத்தாள். இன்னொரு யோசனையும் அவளை உறுத்திற்று. மக்காச்சோளப் பணம் வராவிட்டால் எழிலுக்குச் சம்பளம் இல்லை. அந்தப் பிள்ளை அதை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததனாலேயே கூடுதலாக உறுத்திற்று.

மறுநாள் விற்க ஒன்றும் இல்லாமல் லட்சுமிகாந்தம் கடைக்குப் போனாள். அறுப்புக் காலம் இல்லாதபோது அவளைப் பார்த்ததில் அவருக்கு ஆச்சரியம்.

"வாங்க தாயி. மூட்டை இல்லாம சண்டைக்கு மட்டும் வந்திருக்கீகளா?"

"சண்டை இல்ல அண்ணாச்சி. உங்க மகமை எப்படி நடக்குதுன்னு கேக்க வந்தேன்."

நடந்ததையெல்லாம் சொன்னாள். மேஜையில் கொட்டியதையும் விடாமல் சொன்னாள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "வாங்க வழி இல்லைன்னாகளா?" என்று கேட்டார். அந்த இடத்தில் அவருக்கு வியாபாரி புத்தி விழித்துக்கொண்டது. மெட்ராசில் இருந்து குதிரைவாலிக்கு ஆர்டர் மேல் ஆர்டர் வருகிறது. சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லாம் அதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் வருகிற மூட்டையில் பாதி முற்றாத மணி, மில்லில் போட்டால் நொறுங்கிவிடுகிறது.

"உங்க வீட்டுக்காரர் தலை ஒண்ணுபோல முத்துமா?"

"அவர் தலை நரைச்சே போச்சு. கதிரு ஒண்ணுபோல முத்தும்."

"சரி. சிறுதானியம் பாக்குற கடை எங்க தெருவுல நாலஞ்சு இருக்கு. மூட்டைக்கு ஒரு பிடின்னு உங்க ஆராய்ச்சிக்கு எடுத்து வைக்கச் சொல்லிப் பேசுதேன். பள்ளிக்கூட மகமையில கை வைக்க மாட்டோம், இது தனி." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா அந்தக் கூட்டத்துல எங்களுக்கும் ஒரு நாற்காலி வேணும் தாயி. போட்டவுகளுக்குத்தான பேச்சு?"

வெள்ளைத்தாய் தனக்கு வைத்து ஆறிக்கொண்டிருந்த காப்பி டம்ளரை எடுத்து, அவர் பக்கமாகவே நகர்த்தி வைத்தாள்.

"பாப்போம் அண்ணாச்சி, பாப்போம். முதல்ல காப்பியைக் குடிங்க."

கடைப் பையன்கள் மூட்டை மேல் விழுந்து சிரித்தார்கள் என்று பிற்பாடு லட்சுமிகாந்தமே என்னிடம் சொன்னார். எத்தனை வருசத்துக் காப்பிக்குப் பதில் அது என்று அவருக்குத் தெரியாதா?

ஆவணியில் இரண்டாவது கூட்டம். இந்தத் தடவை தானியம் ஓடாமல் இருக்க வெள்ளைத்தாய் சுளகோடு போனாள். ஆனால் அவள் கொட்டுவதற்கு முன்னாலேயே ஆர்த்தி எழுந்து ஒரு சமாசாரம் சொன்னாள். வெள்ளைக்காரர் எடுத்த அந்தப் படத்தை, பல நாட்டு ஆட்களும் உட்கார்ந்த பெரிய கூட்டத்தில் காட்டியிருக்கிறார். அழகான படம் என்றுதான் காட்டினார். அங்கே ஆப்பிரிக்காவில் இருந்து வந்த ஓர் அம்மாள், பயிர் போடுகிறவர்கள் பக்கத்து ஆள், "இந்தத் தானியம் எந்தக் கணக்கில் ஏறியது?" என்று கேட்டிருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டு அரை நாள் பேச்சு. கடைசியில் புதுச் சட்டத்தில் ஒரு வரி சேர்ந்துவிட்டது. உள்ளூர்க்காரர்கள் தங்கள் பயிருக்கென்று பங்கு போட்டால் வாங்கலாம். அவர்கள் போட்ட அளவுக்கு, எந்த நாட்டு ஆசையும் ஒட்டாத பொதுப் பணத்தில் இருந்து அமைப்பும் போடும்.

"அந்த அட்டைப்பெட்டி இன்னும் இருக்காம்மா?" என்று வெள்ளைத்தாய் கேட்டாள்.

"இருக்கும்மா. எலி கொஞ்சம் சாப்பிட்டிருக்கு."

"எலி தின்னதைக் கழிச்சுட்டு வரவு வைங்க."

லட்சுமிகாந்தம் தெருக் கடைகளின் பங்கை எழுத்தில் கொடுத்திருந்தார். அதையும், அமைப்பு தன் பங்குக்குப் போடுவதையும் சேர்த்தால் ஒரு காட்டில் இரண்டு வெள்ளாமை குதிரைவாலிக்குக் காணும். பெரிய பணம் இல்லைதான். வெள்ளைக்காரர் கொண்டுவந்த பணத்தில் கால்வாசி கூட இல்லை.

பிறகு மக்காச்சோளத்துக்குக் கை தூக்குகிற நேரம் வந்தது. வெள்ளைத்தாய் எதிர்ப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் எழுந்து, "பணம் வரட்டும், வேண்டாம்னு நான் சொல்லல. காடு எதுன்னு மட்டும் இங்கன உக்காந்திருக்கவுக சொல்லணும்" என்றாள். அய்யாதுரை உடனே, "என் காட்டுல போடுங்க. கிணத்துத் தண்ணி இருக்கு, மக்காச்சோளம் என்கிட்ட நல்லா வரும். அந்தம்மா காட்டுல மழை பொய்ச்சா கருகிரும்" என்றார். வெள்ளைக்காரர் போனில் யாரிடமோ வெகு நேரம் பேசிவிட்டு வந்து, ஆகட்டும் என்றார். பழைய அளவுகள் கிடைக்காதே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம். கை தூக்கினார்கள். வெள்ளைத்தாயும் தூக்கினாள். எழிலுக்கு இரண்டு காட்டு வேலையும் வந்தது.

வெளியே வந்ததும் எழில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏத்தா, வெயிலாத்தான இருக்கு, பஸ்ஸு வந்துரும், வா" என்று வெள்ளைத்தாய் இழுத்துக்கொண்டு போனாள்.

புரட்டாசி பிறந்ததும் மழை விழுந்தது. ஈரத்திலேயே விதைத்தார்கள். காரியாபட்டியில் அய்யாதுரை காட்டு முகப்பில் பளபளவென்று பலகை நட்டார்கள். அவர் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். வெள்ளைத்தாய் காட்டில் இருந்த பழைய பலகை பணம் நின்றபோதே கொட்டத்தில் ஏறிவிட்டது, புதுப் பலகை இல்லை. பொதுப் பணத்துக்கு யார் பேரைப் போடுவது?

தீபாவளி வந்தது, போனது. வெடிக் கம்பெனிகள் பூட்டின. அந்த ஓய்வு முடிவதற்குள், கார்த்திகையில், பெத்தணன் தலை ஒன்றுபோல முற்றிக் காட்டில் ஆமாம் ஆமாம் என்று ஆடிற்று. முத்துமாரியும் கூட வேலை பார்க்கிற பெண்களும் அறுப்புக்கு வந்தார்கள். கூலியும் கிடைத்தது, வாயும் ஓயவில்லை. லட்சுமிகாந்தம் காரில் வந்து இறங்கி, கதிரைக் கையில் கசக்கி ஊதிப் பார்த்தார். மணி திரட்சியாக நின்றது. அவருக்கு அந்தக் குழுவில் நாற்காலி கிடைத்துவிட்டது. கூட்டத்தில் அதிகம் பேசுகிறது அவர்தான் என்று வெள்ளைத்தாய்க்குக் குறை.

விதைக்கு எடுத்து வைத்த மூட்டைகள் வீட்டுக்குள் போன பிறகு, பெத்தணன் கொட்டத்தின் ஓட்டை மூலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"இனிமே பலகை வராதா, ஏளா?"

"வராது."

"அப்ப இந்த மூலைக்கு?"

"அய்யாதுரை அண்ணன்கிட்ட அஞ்சு வருசம் கழிச்சு ஒண்ணு காலியாகும். அது வரைக்கும் ஓலை வாங்கிப் போடுங்க."

பெத்தணன் தலையாட்டினான். அந்த வாரமே ஓலை வாங்கி வந்து மூலையை வேய்ந்தான். ஆடுகள் இப்போது அந்த மூலைக்குத்தான் முட்டிக்கொள்கின்றன. தகரத்துக்கு அடியில் வெயிலில் வெந்ததற்கு ஓலை குளுமையாக இருக்கிறதாம்.